வாடகை வீட்டில் டிஷ்வாஷர்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோவையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருமுங்க?" சரவணம்பட்டியோ சிங்காநல்லூரோ, வடவள்ளியோ சூலூரோ, பதில் பெரும்பாலும் இரண்டு பாகமாகத்தான் வரும். சிறுவாணி, பில்லூர் என்று பொதுக்குழாயில் முறை வைத்து வருவது நல்ல தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியில் ஏறி வீட்டுக்குள் எல்லாக் குழாயிலும் இறங்குவது போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். வாடகை வீட்டுக்கு டிஷ்வாஷர் வாங்க நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதேதான். எந்தக் கம்பெனி, எத்தனை புரோகிராம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சமையல் மேடைமேல் வைத்துக்கொள்ளும் சிறிய டிஷ்வாஷரில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் வாடகை வீட்டுச் சமையலறையில், நம் ஊர்ச் சமையலுக்கே ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். மாடல் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருப்பதால், வகைகளை வைத்தே என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

ஏன் இப்போது?

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து வருகிற வீட்டிலும் சரி, பீளமேட்டில் ஐ.டி. வேலை முடித்து வருகிற வீட்டிலும் சரி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்க்கில் குவிந்து கிடக்கிற ஏனத்தைக் கழுவுவது யார் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிற ஒரு பொருளை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டிஷ்வாஷருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

இரண்டு வகை

முதலாவது, குழாயோடு இணைக்கிற மேசை டிஷ்வாஷர். வோல்டாஸ் பெக்கோ, ஃபேபர் போன்ற நிறுவனங்கள் '8 பிளேஸ்' என்ற அளவில் இதை விற்கின்றன. பெரும்பாலும் 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஏறக்குறைய 55 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம். தண்ணீர் உள்ளே வர ஒரு ஹோஸ், கழிவுநீர் வெளியேற இன்னொரு ஹோஸ்.

இரண்டாவது, தொட்டி வகை. இன்னும் சிறியது, நான்கு பேர் சாப்பிட்ட தட்டு, டம்ளர் கொள்ளும். மேலே உள்ள வாயில் ஜக்கால் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும், குழாய் தேவையில்லை. கழிவு ஹோஸை சிங்க்கிலோ ஒரு பக்கெட்டிலோ விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரன் 1886இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் அடிப்படைதான் இன்றுவரை தொடர்கிறது: பாத்திரங்களைக் கம்பித் தட்டில் அடுக்கி, அவற்றின்மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது. இன்றைய பெட்டி தண்ணீரை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குகிறது. டிஷ்வாஷர் பொடியில் உள்ள நொதிகள் மாவையும் புரதத்தையும் உடைக்கின்றன. சுழலும் கை தண்ணீரைப் பீய்ச்சுகிறது. நார் போட்டுத் தேய்க்கிற வேலை அங்கே கிடையாது. அந்த இடத்தைச் சூடும் காரமும் நேரமும் ஈடுகட்டுகின்றன.

தண்ணீர்தான் தீர்மானிக்கும்

சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்ட மலைகளுக்குள் இருக்கிற அணையிலிருந்து வருகிற, உப்புக் குறைந்த மென்னீர் அது. பவானி ஆற்றின் பில்லூர்த் தண்ணீரும் டிஷ்வாஷருக்குத் தொந்தரவு தராது. சிக்கல் போர் தண்ணீரில்தான். நம் ஊர்ப் பாறைக்குள் பல நூறு அடி, சில இடங்களில் ஆயிரம் அடி இறங்கி எடுக்கிற தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால், உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று பரிசோதனைச் சாலைக்குப் போகாமலே தெரிந்துகொள்ளலாம்.

அந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதே வெள்ளைப் பொருக்கு டிஷ்வாஷரின் ஹீட்டரில் படியும், பீய்ச்சும் துளைகளை அடைக்கும், எவர்சில்வர் டம்ளரில் திட்டுத்திட்டாகக் காயும். இதைத் தடுக்கவே பெரிய பெட்டிகளின் அடியில் ஒரு மென்னீராக்கி வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அந்த மணிகளுக்கு மறுபடி தெம்பு ஏற்றத்தான் டிஷ்வாஷர் உப்பு. அயோடின் கலந்த சமையல் தூள் உப்பை அங்கே போடக் கூடாது. அதற்கென்று விற்கிற பரல் உப்புதான் வேண்டும். போர் தண்ணீர் வீட்டில் இந்த உப்பு மாதச் செலவில் ஒரு நிரந்தர வரியாக ஏறிவிடும்.

சிறிய தொட்டிப் பெட்டிகள் பலவற்றில் இந்த மென்னீராக்கி இல்லை. கடையில் நிற்கும்போது அது குறையாகத் தெரியும். ஆனால் வாடகை வீட்டில் தொட்டி வகைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். குழாயோடு இணைத்த பெட்டிக்கு மொட்டைமாடித் தொட்டி கொடுப்பதுதான் கிடைக்கும். தொட்டிப் பெட்டிக்கு டிரம்மில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் ஐந்து லிட்டரை ஊற்றலாம். போர் தண்ணீரில் ஓட்டிய டம்ளரையும் சிறுவாணித் தண்ணீரில் ஓட்டிய டம்ளரையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் வளையம். இரண்டாவது துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பெட்டி, பொடி, புரோகிராம் எல்லாம் ஒன்றே. மாறியது தண்ணீர் மட்டும்தான்.

மென்னீருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சிறுவாணித் தண்ணீரில் பொடியை அள்ளிப் போட்டால், நாளடைவில் கண்ணாடிப் பாத்திரம் அரித்து மங்கிவிடும். மங்கிய கண்ணாடியில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்துப் பாருங்கள். தெளிந்தால் அது உப்புப் படிவு. தெளியாவிட்டால் அரிப்பு, அது இனிச் சரியாகாது, பொடியைக் குறைக்க வேண்டியதுதான்.

நம் ஊர் வட்டலும் போசியும்

'8 பிளேஸ்' என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசைக் கணக்கு: தட்டையான தட்டுகள், கோப்பை, கரண்டி, முள்கரண்டி. அதில் குக்கரும் இல்லை, வாணலியும் இல்லை. இங்கே எட்டுப் பேருக்கானது என்று எழுதியிருந்தால், நான்கு பேர் குடும்பத்தின் ஒரு வேளைப் பாத்திரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்டி வாங்கும்போது உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கடைக்கே எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். நம் பெரிய எவர்சில்வர் தட்டு பன்னிரண்டு அங்குலம்வரை இருக்கும். அது கொஞ்சம் உயர்ந்து நின்றால்கூடச் சுழலும் கை அதில் தட்டி நின்றுவிடும்.

கழுவும் தரத்தைச் சமையல்வாரியாகச் சொல்கிறேன்.

அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்ட வட்டலில் ஒட்டிய பருக்கைகளை வழித்துவிட்டு அன்றிரவே ஓட்டினால் சுத்தமாக வந்தது. விடியும்வரை காயவிட்டால், முன்கழுவல் இல்லாமல் போகவில்லை. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல் போட்ட கிண்ணங்கள் எளிது. நாட்டுக்கோழிக் குழம்பின் எண்ணெய்ப் பிசுக்கில் டிஷ்வாஷருக்கு முழு மதிப்பெண் தருவேன். சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தும் விரலில் வழுக்குகிற கிண்ணம், இதில் ஒரே ஓட்டத்தில் கிறீச்சிடும் அளவுக்குப் பிசுக்கு நீங்கி வந்தது. டம்ளரின் அடியில் பழுப்பேறிய டீக்கறையும் போய்விட்டது.

பால் அடிப்பிடித்த போசி, பள்ளிபாளையம் சிக்கன் வறுத்த வாணலி, ராகிக்களி கிண்டிய பாத்திரம் ஆகிய மூன்றும் தேறவில்லை. கருகியதை எடுக்கத் தேங்காய் நாரோ கம்பி நாரோதான் வேண்டும். ஊறவைத்துக் கையால் கழுவுங்கள்.

ஈரோட்டு மஞ்சளின் நிறத்துக்கும் பழகிக்கொள்ள வேண்டும். குழம்புப் பாத்திரங்களைத் தொடர்ந்து போட்டால், பெட்டிக்குள் இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் பாகங்களும் டப்பா மூடிகளும் மஞ்சளாகும். பயப்பட வேண்டாம். மூடிகளைக் கழற்றி வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயில் அந்த நிறத்தை வெளுத்துவிடும்.

உள்ளே போடவே கூடாதவை: அலுமினியக் குக்கர், அலுமினிய இட்லித் தட்டு, இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல், பித்தளை, செம்பு, வெண்கலம், கல்சட்டி, மரக் கரண்டி, மத்து. பொடியின் காரம் அலுமினியத்தைக் கருக்கிவிடும். இரும்புக் கல்லில் பல வருடம் பழக்கி ஏற்றிய எண்ணெய்ப் படலத்தை உரித்துவிடும். நான்ஸ்டிக்கையும் தவிர்ப்பதே நல்லது. புவிசார் குறியீடு பெற்ற நம் கோயமுத்தூர் வெட் கிரைண்டரின் பாத்திரமும் குழவியும் இந்த அளவுப் பெட்டிக்குள் நுழையாது. மாவரைத்த நாளில் அந்த வேலை அப்படியே இருக்கும்.

கடைசியாக, வடிகட்டி. நம் சமையலில் கடுகும் கறிவேப்பிலையும் இல்லாத குழம்பு ஏது? இலை வலையில் ஒட்டிக்கொள்ளும். கடுகு சுழலும் கையின் துளையில் போய் உட்கார்ந்துவிடும். கழுவல் மோசமானால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் அந்தக் கையைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் பல்குச்சியால் குத்திப் பாருங்கள். தினமும் வடிகட்டியைத் தட்டி அலசுவதை, அடுப்பு துடைப்பதுபோல் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

குழாய், பிளக், மேடை

குழாய் வகைக்கு வாஷிங் மெஷினின் முக்கால் அங்குல மரைதான். வாஷிங் மெஷின் குழாயில் இருவழி வால்வு ஒன்று மாட்டினால் இரண்டுக்கும் தண்ணீர் கிடைக்கும். சுவரில் துளை போட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரின் அழுத்தத்தைப் பாருங்கள். இந்தப் பெட்டிகள் பலவும் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்பது கணக்கு. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே மேல்மாடியில் குடியிருப்பவருக்கு மூன்று மீட்டர் உயரம்தான் கிடைக்கும். அங்கே பெட்டி தண்ணீர் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடலாம். கீழ்வீட்டுக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. தொட்டி வகைக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

மின்சாரம் அடுத்தது. குழாய் வகையின் ஹீட்டர் 2,000 வாட்டை நெருங்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் கட்டாயம். மிக்சி ஓடுகிற சின்ன பிளக்கில் மாட்டினால் வயரிங் சூடேறும். பழைய லைன் வீடுகளில் சமையலறையில் பவர் பிளக்கே இருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துச் சமாளிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்து வயரைப் பார்த்துவிடுங்கள். தொட்டி வகை குறைந்த வாட்டில் ஓடும். பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளில் இரண்டுமே உதவாது. வீட்டு இன்வெர்ட்டர் ஹீட்டரைத் தாங்காது.

மேடையில் பெட்டி வைத்த பிறகு கதவு முன்பக்கம் திறந்து விழ இடம் வேண்டும். ஓட்டம் முடிந்து கதவைத் திறந்தால் ஆவி நேராக மேலே போகும். மேலே மர அலமாரி இருந்தால் நாளடைவில் பலகை உப்பிவிடும். வீட்டுக்காரரின் அலமாரி என்றால் அட்வான்ஸில் கழியும். ஜன்னல் பக்கம் வையுங்கள். சத்தம் மின்விசிறியைவிடக் கொஞ்சம் அதிகம். பொதுச்சுவர் வைத்த போர்ஷனில் இரவு பத்து மணிக்குமேல் ஓட்டாமல் இருப்பது மரியாதை.

தண்ணீரும் காசும்

டிஷ்வாஷர் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் ஐரோப்பியர்களை வைத்து நடத்திய சோதனையில், 12 பேர் பாத்திரத்தைக் கையால் கழுவச் சராசரியாக 100 லிட்டருக்குமேல் செலவானது. அது குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவர்களும் சேர்ந்த கணக்கு. குண்டாவில் தண்ணீர் மொண்டு, சபீனா போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசுகிற நம் வீட்டுப் பழக்கத்தில் அவ்வளவு ஆகாது. ஆனாலும் ஐந்து லிட்டரில் ஒரு வேளைப் பாத்திரத்தை முடிப்பது கையால் கடினம். நல்ல தண்ணீரை இதற்கு ஊற்றலாமா என்ற தயக்கம் நியாயமானது. கையால் கழுவும்போது போகிற அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஐந்து லிட்டரை நான் தாராளமாக ஒப்புக்கொள்வேன்.

மின்சாரமும் பயப்படும்படி இல்லை. ஐந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.2 யூனிட் போதும். பெட்டி, பாத்திரம், உலர்த்தும் காற்று எல்லாவற்றையும் சேர்த்தால் தொட்டி வகையில் ஒரு ஓட்டத்துக்கு அரை யூனிட்டை ஒட்டி வரும். குழாய் வகையில் அதற்குமேல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை தனி மீட்டர் உள்ளவருக்குத்தான் நேராகக் கிடைக்கும். சப் மீட்டரில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரு விலை போட்டு வாங்குகிற வீடுகளில், அந்த விலையை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

உண்மையான தொடர்செலவு பொடியும் மாத்திரையும்தான். பெரிய பெட்டிக்கென்று செய்த மாத்திரை ஐந்து லிட்டருக்கு அதிகம். பொடி வாங்கிக் குறைத்துப் போடுங்கள். ஆடிக் காற்றோடு வருகிற ஈரத்தில் பொடி கட்டி தட்டும். இறுக மூடுகிற டப்பாவில் வையுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்

"செவுத்துல ஓட்டை கீட்டை போடறதில்லைங்களே?" என்றுதான் வீட்டுக்காரம்மா கேட்பார். "இல்லைங்கக்கா, வாஷிங் மெஷின் பைப்புலயே மாட்டிக்கலாங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தத்திலேயே, குழாயில் வால்வு மாட்டவும் பவர் பிளக் போடவும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பேச்சு வளராது.

தீர்ப்பு

இரண்டு, மூன்று பேர் குடியிருக்கிற வாடகை வீடு, குழாயில் போர் தண்ணீர், அடிக்கடி வீடு மாற்றும் வேலை என்றால் தொட்டி வகையை வாங்குங்கள். நல்ல தண்ணீரை ஊற்றி ஓட்டுங்கள். வீடு மாறினால் வாஷிங் மெஷினைவிட எளிதாகத் தூக்கிக்கொண்டு போகலாம்.

நான்கு பேர் குடும்பம், கீழ்வீடு, சமையலறையில் பவர் பிளக், குழாயில் சுமாரான தண்ணீர் என்றால் மென்னீராக்கி உள்ள 8 பிளேஸ் குழாய் வகை. உப்பு போட மறக்காதவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

மேல்மாடி, கடுமையான உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீரும் குடிக்க மட்டுமே போதும் என்ற நிலை, சமையல் பாத்திரமெல்லாம் அலுமினியம் என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் எவர்சில்வர் குக்கரும் இட்லிப் பாத்திரமும் வாங்குங்கள்.

வாடகைக்கு விட வீடு கட்டிக்கொண்டிருக்கும் கொங்கு நாட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமையலறை சிங்க்குக்குக் கீழே மரை வைத்த ஒரு குழாய், மேடைக்குமேல் ஒரு 16 ஆம்பியர் பிளக், முடிந்தால் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து சமையலறைக்குத் தனியாக ஒரு பைப். கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம். குடி வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெண்ணுக்கு அது தினமும் அரை மணி நேரத்தைத் திருப்பித் தரும்.